பழைய பள்ளிக்கூடத்தைப் புதுப்பிக்கும்போது: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, குழித்துறை, குளச்சல் பக்கத்து நகரத் தொடக்கப் பள்ளிகளில் கட்டடப் பேச்சு எழுந்தால் ஒரே சந்தேகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், டீக்கடை, கல்யாண வீடு என்று எங்கே போனாலும் கட்டட மேற்பார்வைக்காரன் என்பதால் என்னைப் பிடித்துக் கேட்பார்கள். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே போட்டிருக்கிறேன்.

பசுமைப் பள்ளிக்கூடம்னு சொல்லுதீங்களே, அப்படின்னா மேலே சோலார் வைக்கதா?

சோலார் இந்த வேலையில் கடைசியாக வருவது. முதல் வேலை, நிற்கிற கட்டடத்தில் நல்லதாக இருப்பதை எல்லாம் காப்பாற்றுவது. 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்றைத் தயாரிக்க ஏறத்தாழ 30 முதல் 40 கிலோ வரை கரியமில வாயு வெளியாகிறது. பழைய சுவர் நின்றால் அத்தனை மூட்டையும் மிச்சம், அதற்கான பணமும் மிச்சம்.

அடுத்தது, கரண்டு இல்லாத நேரத்திலும் பிள்ளைகள் வியர்க்காமல், நனையாமல், வெளிச்சத்தில் உட்கார வேண்டும். மூன்றாவது, பத்து வருஷம் கழித்து ஏதாவது கெட்டால் ஊரிலுள்ள கொத்தனாரும் ஆசாரியுமே சரிசெய்ய முடிய வேண்டும். வெளியூரிலிருந்து ஆள் வந்தால்தான் ஆகும் என்ற பொருளை நான் பள்ளிக்கூடத்தில் வைக்கச் சொல்வதில்லை.

ஓட்டுக் கட்டடம் ஆபத்துதானே சார்? கும்பகோணத்துல நடந்தது மறந்துபோச்சா?

யாருக்கும் மறக்காது. 2004 ஜூலை 16 அன்று அங்கே 94 குழந்தைகள் இறந்தார்கள். ஆனால் தீப்பற்றியது கீற்றுக் கூரை. சுட்ட மண் ஓடு எரியாது. கும்பகோணத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை வேறு: சமையல் அறை தனியாக இருக்க வேண்டும், ஒவ்வொரு வகுப்புக்கும் தடையில்லாத வெளியேறும் வழி வேண்டும், கதவுகள் வெளிப்பக்கம் திறக்க வேண்டும், பழைய வயரிங்கை முழுசாக மாற்ற வேண்டும். கான்கிரீட் கட்டடத்துக்கும் இதே நியாயம்தான்.

2021 டிசம்பரில் திருநெல்வேலிப் பள்ளி ஒன்றில் மூன்று மாணவர்கள் இறந்ததையும் சொல்வார்கள். அங்கே விழுந்தது கழிவறைச் சுவர். அதன்பின் மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள், அது தேவைதான். ஆனால் ‘பழையது’ என்பதும் ‘பழுதானது’ என்பதும் ஒன்று என்று அதற்குப் பிறகு பலர் நினைத்துவிட்டார்கள். தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை மரத்திலும் ஓட்டிலுமாக நானூறு வருஷமாக நிற்கிறது. நிலம் தமிழ்நாட்டில், பராமரிப்பு கேரள அரசு. மே மாதப் பகலில் அதற்குள் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், விசிறி எங்கே என்று தேடத் தோன்றாது.

உறுதியா இருக்கா இல்லியான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?

கையெழுத்துப் போட வேண்டியவர் பொறியாளர். அவர் வருவதற்கு முன்னால் நீங்களே பார்க்கக்கூடியவை உண்டு. கூரையை வெளியிலிருந்து, மோட்டுக்கு, அதாவது கூரையின் உச்சிக் கோட்டுக்கு, நேராக நின்று பாருங்கள். மோடு நடுவில் தொய்ந்திருந்தால் உத்திரமோ, கூரையின் சாய்வு மரமான கழுக்கோலோ கெட்டிருக்கிறது. பிறகு ஏணி வைத்து, கழுக்கோல் சுவரில் உட்காரும் இடத்தைப் பாருங்கள். சிதல் (கரையான்) முதலில் அங்கேதான் ஏறும். ஓடு ஒழுகி ஈரம் தங்குவதும் அங்கேதான். ஆசாரி உளிமுனையால் குத்திப் பார்ப்பார். கெட்ட மரத்தில் உளி பொதுக்கென்று இறங்கும். திருவிதாங்கூர்க் காலக் கட்டடங்களில் அயனி மரமும் தேக்கும் போட்டிருப்பார்கள். நூறு வயதானாலும் நடுப்பகுதி இரும்பு மாதிரி இருக்கும், கெட்டிருப்பது சுவருக்குள் புகுந்த ஓர் அடியோ ஒன்றரை அடியோதான். அந்த நுனியை மட்டும் வெட்டி, புது மரம் பிணைத்து நிறுத்தலாம்.

சுவரில் வெடிப்பு இருந்தால் பயப்படுவதற்கு முன்னால், அதன் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்து வைத்து ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். ஒரு மழைக்காலம் கழிந்தும் கண்ணாடி உடையவில்லை என்றால் அது பழைய வெடிப்பு, அடைத்தால் போதும். உடைந்தால் அஸ்திவாரம் இன்னும் அசைகிறது. சுவர் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தாலும், மூலையில் இரண்டு சுவர்கள் பிரிந்திருந்தாலும் காத்திருக்கவே வேண்டாம், அன்றே அந்த அறையைப் பூட்டுங்கள். இந்த இடத்தில் எனக்கு இரக்கம் கிடையாது. பழைய கட்டடத்தின் மேல் எவ்வளவு ஆசை இருந்தாலும் பிள்ளைகளை வைத்துச் சோதிக்கக் கூடாது.

ஓடு ஒழுகுது. மேலே தகர ஷீட் அடிச்சா ஒரே நாள்ல வேலை தீர்ந்துபோகுமே?

வேலை தீரும், வகுப்பும் தீரும். இடவப்பாதி மழை, அதாவது ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை, தகரத்தில் விழும்போது டீச்சர் தொண்டை கிழியக் கத்தினாலும் முதல் பெஞ்சுக்குக் கேட்காது. நமக்கு இடவப்பாதியும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. வருஷத்தில் பாதி நாள் அப்படியே போகும். மிச்சப் பாதியில் சூடு.

மங்களூர் ஓடு ஒழுகுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஓடு இல்லை. ஓடு உட்காரும் மரச்சட்டமான பட்டியல் வளைந்து, ஓடும் ஓடும் கோத்துக்கொள்ளும் பூட்டு விலகியிருக்கும். அல்லது பூட்டுக் காடிகளில் பாசியும் சருகும் அடைத்துத் தண்ணீர் திரும்பி உள்ளே ஏறும். அல்லது மோட்டு ஓட்டின் சாந்து பெயர்ந்திருக்கும். பூனை, குரங்கு, தேங்காய், கிரிக்கெட் பந்து எல்லாம் சேர்ந்து சில ஓடுகளை உடைத்திருக்கும். எல்லா ஓட்டையும் இறக்கி, பிரஷால் தேய்த்துக் கழுவி, தட்டிப் பார்த்து ‘டிங்’ என்று சத்தம் வருவதைத் தனியே அடுக்குங்கள். பெரும்பகுதி திரும்ப ஏறும். ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 15 ஓடு பிடிக்கும், அதை வைத்துக் குறையும் ஓட்டைக் கணக்குப் போடலாம்.

இந்த ஓடு 1865-இல் மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு தொடங்கிய ஆலையிலிருந்து கடற்கரை வழியே தெற்கே பரவியது. அளவும் பூட்டும் ஆலைக்கு ஆலை கொஞ்சம் மாறும். அதனால் புது ஓட்டைப் பழையதோடு ஒரே வரிசையில் கலக்காதீர்கள். ஒரு பக்கக் கூரை முழுக்கப் பழசு, மறுபக்கம் புதுசு என்று பிரித்துப் போட்டால் பூட்டு சரியாக விழும். 2017 நவம்பரில் ஒக்கி புயல் வந்துபோன பிறகு ஒன்றைக் கூடுதலாகச் சொல்கிறேன்: காற்று முதலில் பிடிப்பது ஓரத்து வரிசைகளை. அந்த ஓடுகளைத் துருப்பிடிக்காத கம்பியால் பட்டியலோடு கட்டிவிடுங்கள். சில நூறு ரூபாய்ச் செலவுதான்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷெட் ஒண்ணு நிக்குது, அதையும் கழுவி வைச்சுக்கலாமா?

கூடாது. அதன் இழைகள் நுரையீரலுக்குள் போனால் பல வருஷம் கழித்துப் புற்றுநோய் வரலாம். உடையாமல் இருக்கும்வரை ஆபத்து குறைவு. அறுத்தால், துளையிட்டால், தேய்த்துக் கழுவினால் இழை பறக்கும். பிள்ளைகள் இல்லாத நாளில், தண்ணீர் தெளித்து நனைத்து, ஆணியைக் கழற்றி முழு ஷீட்டாக இறக்க வேண்டும். வேலைக்காரர்களுக்குத் துணி முகமூடி போதாது, நுண்துகளைத் தடுக்கும் முகக் கவசமே வேண்டும். இறக்கியதை ஆட்டுக் கொட்டகைக்குத் தாருங்கள் என்று யாராவது கேட்பார்கள். கொடுக்காதீர்கள்.

சுவர்ல இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறிக் கிடக்கு. சிமெண்ட் பூசி டைல்ஸ் ஒட்டிட்டா பார்க்கவும் நல்லா இருக்குமே?

இரண்டு மழைக்காலம் நன்றாக இருக்கும். பழைய சுவர் வெட்டுக்கல்லும் (செம்பாறையில் வெட்டியெடுத்த கல்) சுண்ணாம்புச் சாந்தும். அது தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி, வெயில் நாளில் வெளியே விடும். மேலே சிமெண்ட்டும் டைல்ஸும் வைத்து அடைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். இடுப்பு உயரத்து ஓதம் தோளுக்கு வந்துவிடும், உப்பு பூத்துப் பூச்சு பெயரும்.

முதலில் ஓதத்துக்குக் காரணத்தைப் பாருங்கள். பத்துத் தடவை பார்த்தால் ஒன்பது தடவை, முற்றத்தை மண்ணும் சிமெண்ட்டும் போட்டு உயர்த்தி உயர்த்தி வெளித்தரை உள்தரைக்கு மேலே வந்திருக்கும். சுவரை ஒட்டி அந்த மண்ணை வெட்டி இறக்குங்கள், கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் ஓடை எடுங்கள். பிறகு பழைய சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்து, சுவரை ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, சுண்ணாம்புப் பூச்சு பூசுங்கள். சுண்ணாம்பைக் குறைந்தது இரண்டு வாரம் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். கடுக்காயும் கருப்பட்டியும் சேர்ப்பது பழைய முறை. கருப்பட்டிக்கு நாம் வேறு ஊர் தேட வேண்டியதில்லை. தெரிந்த கொத்தனார் குறைந்துவிட்டார்கள் என்பதுதான் உண்மையான சிக்கல். வயதான ஒருவரைக் கூட்டிவந்து இளையவர்களோடு வேலைக்கு நிறுத்துங்கள், கூலி கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

தரைக்கு மினுக்கு டைல்ஸ் வேண்டவே வேண்டாம். மழை நாளில் ஈரக்காலோடு ஓடுகிற ஆறு வயதுப் பிள்ளைக்கு அது வழுக்குப் பாறை. சிவப்புச் சிமெண்ட் தரை, அல்லது சொரசொரப்பான டைல்ஸ்.

இடம் இல்ல. பழைய கட்டடத்துக்கு மேலேயே ஒரு மாடி எடுத்தா என்ன?

வெட்டுக்கல் சுவர் ஓட்டுக் கூரையைத் தாங்கக் கட்டியது. அதன்மேல் கான்கிரீட் தளமும் நூறு பிள்ளைகளும் ஏறக் கூடாது. சுவருக்கு வெளியே தூண் எழுப்பித் தனியாக மாடி நிறுத்தலாம் என்று சிலர் எஸ்டிமேட் கொண்டுவருவார்கள். தூணுக்குக் குழி தோண்டும்போது பழைய அஸ்திவாரத்தின் அடி மண் சரியும்; கீழறையும் இருட்டாகிப் போகும். ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குத் தரைத்தளமே நல்லது என்பது என் கருத்து.

அப்ப புது வகுப்பறைய எங்கே கட்டுவது? பதினஞ்சு சென்ட்தான் இருக்கு.

முதலில் உண்மையில் எத்தனை அறை வேண்டும் என்று எண்ணுங்கள். கல்வி உரிமைச் சட்டம், 2009 தொடக்க வகுப்புகளில் 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், ஆசிரியருக்கு ஓர் அறை என்கிறது. சேர்க்கை குறைந்துவரும் பள்ளியில் நான்கு அறை கேட்டு மனுப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். உடைந்த பெஞ்சும் பழைய தேர்தல் பெட்டியும் அடைத்துப் பூட்டிய அறையைத் திறந்தாலே ஒன்று கிடைக்கும்.

கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பழையதோடு ஒட்டாமல் தனியே கட்டி, இடையில் தாழ்வாரம் ஒன்று போட்டு இணையுங்கள். புதுக் கட்டடம் முதல் சில வருஷம் கொஞ்சம் தாழும், பழையது தாழாது. ஒட்டிக் கட்டினால் சேரும் இடம் வெடிக்கும், இரண்டு கூரையும் சேரும் ஓடையில் ஆயுள் முழுக்க ஒழுகும். மரத்தையும் விளையாடும் இடத்தையும் வரைபடத்தில் முதலில் குறித்துவிட்டு, மிச்ச இடத்தில் அறையைத் தேடச் சொல்லுங்கள். வழக்கமாக இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சக்கர நாற்காலி ஏறும் சறுக்குப் பாதை 12 அடி நீளத்துக்கு ஓர் அடி ஏற்றம், அதற்கு மேல் செங்குத்தாகப் போகக் கூடாது.

புது அறைக்கும் ஓடுதானா? கான்கிரீட்டே கூடாதுங்கிறீங்களா?

அப்படிச் சொல்லவில்லை. தளம் தேவையென்றால் ஓடு பதித்த தளம் போடலாம். கான்கிரீட் தளத்தின் அடிப்பாதி பெரிதாகச் சுமை தாங்குவதில்லை, அங்கே வேலை பார்ப்பது கம்பி. அந்த இடத்தில் கம்பிகளுக்கு நடுவே பழைய ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்தால் கான்கிரீட் ஐந்தில் ஒரு பங்காவது குறையும், ஓட்டுக்கு இடையிலுள்ள காற்று சூட்டையும் தடுக்கும். கூரையிலிருந்து இறக்கியதில் ஓரம் உடைந்த ஓடுகள் இதற்கு ஆகும். வைக்கும் முன் ஓட்டை நன்றாக நனைக்க வேண்டும்.

சுவருக்கு எலிப்பொறிக் கட்டு. செங்கலை நிறுத்தி வைத்து உள்ளே பொந்து விட்டுக் கட்டுவது. ஒன்பது அங்குலச் சுவரில் ஏறத்தாழ கால் பங்கு செங்கல் மிச்சமாகும். இரண்டையும் கேரளத்தில் பரப்பியவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்து 2007-இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். உள்ளூரில் இந்தக் கட்டு தெரிந்தவர் இல்லையென்றால், நாகர்கோவிலிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிற அந்த ஊரில் தேடுங்கள். அரசு எஸ்டிமேட்டில் விலைப்பட்டியலில் இல்லாத வேலையைச் சேர்க்க அதிகாரிகள் தயங்குவார்கள். டெண்டருக்கு முன்பே பேசுங்கள், பிறகு பேசிப் பயனில்லை.

ஜன்னல் அளவு: ஈரமும் வெப்பமும் சேர்ந்த ஊரில் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு. எதிரெதிர்ச் சுவர்களில் வையுங்கள், அடிக்கட்டை பிள்ளை உட்கார்ந்தால் வெளியே தெரியும் உயரத்தில் இருக்கட்டும்.

பாறசாலைக்கு அங்கிட்டு பள்ளிக்கூடமெல்லாம் மூணு மாடி ஹைடெக்கா ஆயிடுச்சு. நாம மட்டும் ஓட்டையே தட்டிட்டு இருக்கணுமா?

எல்லைக்கு அந்தப் பக்கம், 2017 முதல் கேரளம் அரசுப் பள்ளிகளில் பெரிய முதலீடு செய்தது, பிள்ளைகளும் திரும்பி வந்தார்கள். அது பாராட்ட வேண்டியது. ஆனால் பிள்ளைகளை இழுத்தது மாடி மட்டுமா? சுத்தமான கழிவறை, நல்ல வெளிச்சம், கணினி, பெற்றோர் உள்ளே வந்து பேச இடம் எல்லாமும்தான். அவை ஓட்டுக் கட்டடத்திலும் நடக்கும்.

சரி, இப்பவாவது சோலார் பற்றிச் சொல்லுங்க.

முதலில் விசிறியை மாற்றுங்கள். பழைய விசிறி 75 வாட் இழுக்கும், புது பிஎல்டிசி விசிறி 30 வாட் அளவில் ஓடும். 24 விசிறி உள்ள பள்ளியில் ஐந்து மணி நேரத்துக்கு ஐந்து யூனிட்டுக்கு மேல் மிச்சம். ஒரு கிலோவாட் சோலார் ஒரு நாளில் தருவதே ஏறத்தாழ நான்கு யூனிட்தான். அதற்குப் பிறகும் பணம் இருந்தால் புது அறையின் தளத்தில் பேனல் வையுங்கள். ஓட்டின் மேல் ஏற்ற வேண்டாம். கழுவ ஆள் ஏறும்போதெல்லாம் ஓடு உடையும்.

மழைத்தண்ணிய சேர்த்துக் குடிக்கக் கொடுக்கலாமா?

குடிக்க வேண்டாம், கழிவறைக்கு எடுங்கள். 200 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 4,000 லிட்டர் விழும், வீணாவது போக 3,000 லிட்டருக்கு மேல் கைக்கு வரும். முதல் மழைத் தண்ணீரைப் பாசியும் பறவை எச்சமும் போகத் திறந்து விட்டுவிடுங்கள். தொட்டி நிரம்பி வழிவதைக் கிணற்றோரம் குழியில் இறக்குங்கள். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். பல பள்ளிகளில் குழாய் இருக்கிறது, அது எங்கே போய் முடிகிறது என்று யாருக்கும் தெரியாது.

என்னைக் கேட்டால் பள்ளிப் பணத்தில் முதல் ரூபாய் கழிவறைக்குப் போக வேண்டும். தண்ணீர் வராத கழிவறை பூட்டியே கிடக்கும், பெண் பிள்ளைகள் மாலைவரை அடக்கிக்கொண்டு இருப்பார்கள். கைகழுவும் குழாய் இரண்டடி உயரத்தில், தாழ்ப்பாள் சின்னக் கைக்கு எட்டும்படி, கழிவுக்குழி கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளி.

வேலை நடக்கும்போது பிள்ளைகளை எங்கே வைப்பது?

கூரையைத் திறக்கும் வேலை கோடை விடுமுறையில் மட்டும். ஆனால் ஜூன் தொடக்கத்தில் மழை வந்துவிடும், ஆகவே கையில் இருப்பது ஒரு மாதம். மரமும் பட்டியலும் ஓடும் மார்ச்சிலேயே பள்ளிக்குள் வந்து அடுக்கியிருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஓர் அறைக் கூரையைத்தான் திறக்க வேண்டும், தார்ப்பாய் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மற்றவற்றை அறை அறையாகச் செய்யலாம். கல் உடைப்பது, மரம் அறுப்பது சனி, ஞாயிறில்.

பழுதுபார்க்க நிதி இல்ல, புதுசு கட்டத்தான் நிதி வரும்ங்கிறாங்களே?

அடிக்கடி நடப்பதுதான். மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதும் பொறுப்பு சட்டப்படி அவர்களுக்கு உண்டு. அதில் பழுதுபார்ப்பைத் தனி வேலையாக, அளவோடு, பொறியாளர் அறிக்கையோடு எழுதித் தீர்மானம் போடுங்கள். புது அறைக்கு அரசு நிதியைக் கேளுங்கள். கூரைக்கும் சுவருக்கும் பழைய மாணவர்களையும், அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை சேர்க்கும் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டத்தையும் நாடுங்கள். உதவி பெறும் பள்ளி என்றால் ஆசிரியர் சம்பளம்தான் அரசு தரும், கட்டடம் நிர்வாகத்தின் பொறுப்பு. தாசில்தார் தரும் கட்டட உரிமத்தைப் புதுப்பிக்க உறுதிச் சான்றும் வேண்டும். அந்தச் சான்றுக்காக வரும் பொறியாளரிடமே முன்னே சொன்ன சோதனைகளைக் காட்டுங்கள்.

எல்லாம் சொன்ன பிறகும் இடிக்கதுன்னு முடிவாயிட்டா?

மூன்றாவது கேள்வியில் சொன்ன மாதிரி சுவர் சாய்ந்திருந்தால் நானும் இடிக்கத்தான் சொல்வேன். அப்போது ஜேசிபி வரும் முன்னாலேயே டெண்டரில் எழுதவேண்டியதை எழுதுங்கள்: ஓட்டைக் கையால் இறக்குவது, கதவு, ஜன்னல், உத்திரம், கழுக்கோல் எல்லாவற்றையும் எண்ணிப் பட்டியல் போடுவது, வெட்டுக்கல்லைச் சுற்றுச்சுவருக்கு எடுப்பது. மிச்ச இடிபாட்டைக் குளத்தில் கொட்டக் கூடாது. கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகளும் அதையே சொல்கின்றன. ஏலத்தில் மரத்தை ‘பழைய மரம் ஒரு லாட்’ என்று எழுதினால் அயனி உத்திரம் விறகு விலைக்குப் போகும். மரத்தின் பெயர், நீளம், பருமன் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள், எழுதும்போது ஓர் ஆசாரி பக்கத்தில் இருக்கட்டும்.